இரண்டாவது சாவி

விடிகாலை ஐந்தரை மணிக்கு போன் அடித்தால் அது நல்ல செய்தியாக இருக்காது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன வருஷம் மார்ச் மாதம் ஒருநாள் அப்படித்தான் அடித்தது. எடுத்தவுடன், "எல்லாம் போச்சு தம்பி" என்றது மறுமுனை.

பேசியவர் என் நண்பர். வயது அறுபத்தாறு. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. "சார், யாருக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"பறவைங்கப்பா. ராத்திரி எவனோ கூண்டை அறுத்துட்டான்."

உங்களிடம் மறைப்பானேன்? அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. 'அப்பாடா, பறவைதானே!' அந்தத் 'தானே' எவ்வளவு தப்பு என்று புரிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதற்குள் சில உயிர்கள் போய்விட்டன. அதில் என் பங்கும் உண்டு.

நண்பர் ஒரு வங்கியில் 33 வருஷம் வேலை பார்த்தவர். கடைசிப் பத்து வருஷம் தலைமை கேஷியர். ரிட்டயர் ஆனதும் வந்த பணத்தில் மற்றவர்கள் மனை வாங்குவார்கள். இவர் தாம்பரத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் தன் வீட்டுக் கொல்லையில் ஒரு பெரிய பறவைக்கூண்டு கட்டினார். பதினைந்தடி நீளம், எட்டடி அகலம். மேலே நார்த்தை மரத்து நிழல். உள்ளே போக ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கதவுகள். முதல் கதவைச் சாத்திவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் நுழைகிற நேரத்தில் பறவை வெளியே போய்விடும். "ஸ்ட்ராங் ரூம் மாதிரி" என்பார் பெருமையாக.

உள்ளே லவ் பேர்ட்ஸ் நாற்பது, ஜாவா பத்து, காக்டெயில் பன்னிரண்டு. (குடிக்கிற சமாசாரம் இல்லை. தலையில் கொண்டை வைத்த, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த சின்ன ஆஸ்திரேலியக் கிளி.) ஆக மொத்தம் 62. எல்லாமே கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்த ஜாதி. தினை, கம்பு, கீரை, சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை என்று அவர் பென்ஷனில் ஒரு பகுதி அங்கேதான் போகும்.

திருடன் பின்பக்கத்துக் காலி மனை வழியாக வந்திருக்கிறான். கட்டிங் பிளேயரால் வலையை ஓர் ஆள் நுழையும் அளவுக்கு நறுக்கியிருக்கிறான். விலை போகிற காக்டெயிலில் எட்டைப் பிடித்துக் கோணியில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஓட்டையை அப்படியே விட்டுவிட்டான். விடிந்ததும் லவ் பேர்ட்ஸ் ஒவ்வொன்றாக வெளியேறிவிட்டன.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. நண்பர் லுங்கியோடு, கையில் தினைத் தட்டோடு, கூண்டின் மேல் பார்வையை வைத்து நின்றுகொண்டிருந்தார். மூன்று பறவைகள் மட்டும் திரும்பி வந்து கூரைக் கம்பியில் உட்கார்ந்திருந்தன. மற்றவற்றை என்ன சொல்ல? எதிர்வீட்டு மொட்டை மாடியில் காக்கைகள் கூடியிருந்தன. மஞ்சளும் பச்சையுமாக இறகு பறந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"தூக்கிட்டுப் போனானே, அதுகூடப் பரவால்ல தம்பி. விக்கணும்னா சோறு போட்டாகணும். உசுரோட வெச்சிருப்பான். திறந்து விட்டுட்டுப் போனான் பாரு..."

அதைவிடக் கொடுமை ஒன்று பானைகளுக்குள் இருந்தது. சுவரோரம் கட்டியிருந்த மண்பானைகளில் மூன்றில் ஏழு காக்டெயில் குஞ்சுகள். தாயும் தகப்பனும் கோணியில் போய்விட்டன. குஞ்சுகள் கழுத்தை நீட்டி வாயைத் திறந்துகொண்டிருந்தன. நண்பரும் அவர் மனைவியும் இரண்டு மணிக்கு ஒரு தரம் சிரிஞ்சில் வெதுவெதுப்பான கூழ் ஊட்டினார்கள். இரண்டு ராத்திரி தூங்கவில்லை. ஏழில் இரண்டுதான் பிழைத்தன.

நான் பி.காம். படித்தவன். கல்லூரியில் முதல் மாதம் சொல்லிக்கொடுத்த பாடம் இன்றைக்கும் மறக்கவில்லை. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. திருட்டுக்கும் அது பொருந்தும். என் பர்ஸில் இருந்து ஐந்நூறு ரூபாய் போனால், எவனோ ஒருவன் பையில் ஐந்நூறு ரூபாய் ஏறியிருக்கும். இழந்தவன் வயிறு எரியும், எடுத்தவன் வயிறு நிறையும். ஆனால் பணம் பணமாகவே இருக்கும்.

அந்த ஐந்து குஞ்சுகளை எந்தக் கணக்கில் எழுதுவது? நண்பருக்குப் போயிற்று. திருடனுக்கு வரவில்லை. அவனுக்கு அவை இருந்ததே தெரியாது. காக்கை தின்ற லவ் பேர்ட்ஸும் அப்படித்தான். பற்று மட்டும் இருக்கிறது, வரவே இல்லை. உயிருள்ள ஒன்றைத் திருடுவதும் பொருளைத் திருடுவதும் ஒன்றல்ல என்று எனக்கு முதலில் உறைத்தது இங்கேதான்.

சட்டத்திடம் இந்தக் கணக்குக்கு இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303-வது பிரிவு. அசையும் பொருளை, உடையவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தால் திருட்டு. மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே இருந்து, குற்றம் முதல் தடவையாகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். ரூபாய்க்கு நியாயமான சட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண் திறக்காத குஞ்சுக்கு என்ன விலை போடுவீர்கள்? காவல் நிலையத்தில் அவரிடம் கேட்ட கேள்வியும் நியாயமானதுதான்: "பறவை கிடைச்சா உங்களுதுன்னு எப்படி சார் அடையாளம் காட்டுவீங்க?"

33 வருஷம் நோட்டு நம்பர் எழுதிப் பழகிய மனிதர் வாயடைத்துப் போனார். குஞ்சாக இருக்கும்போதே காலில் எண் பொறித்த வளையம் போட்டிருக்கலாம். பிறந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் போட்டால், கால் வளர்ந்த பிறகு கழற்ற முடியாது. போட்டோ எடுத்து வைத்திருக்கலாம். செய்யவில்லை. "என் கண்ணுக்குத் தெரியுமே" என்று இருந்துவிட்டார்.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். அவர் வளர்த்தது பச்சைக்கிளியாக இருந்திருந்தால் காவல் நிலையத்துக்கே போயிருக்க முடியாது. நம் ஊர்ப் பச்சைக்கிளி, முனியா எல்லாம் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். கிளி காணோம் என்று புகார் கொடுக்கப் போனவரிடம், "முதலில் அதை நீங்கள் யாரிடமிருந்து எடுத்தீர்கள்?" என்று கேட்பார்கள். யோசித்துப் பார்த்தால், பறவை வளர்க்கிற எல்லோரும் ஒருமுறையாவது தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

'அப்படியானால் எல்லாவற்றையும் பறக்க விட்டுவிடலாமே' என்று உங்களில் பாதிப்பேர் நினைப்பது எனக்குக் கேட்கிறது. திருடன் அதைத்தானே செய்தான்? எதிர்வீட்டு மாடியில் என்ன நடந்தது என்று பார்த்தோம். இரை தேடத் தெரியாத, காக்கையைக் கண்டால் ஒளியத் தெரியாத உயிருக்குத் திறந்த கதவு விடுதலை ஆகாது. முதன்முதலில் பிடித்துக் கூண்டில் போட்டது தப்பாகவே இருக்கட்டும். இன்று அந்தத் தப்பிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு போகிற உரிமை நமக்கு இல்லை. காப்பாற்றித்தான் ஆக வேண்டும்.

எப்படிக் காப்பாற்றுவது? இங்கேதான் நான் உள்ளே வருகிறேன்.

"சார், கூண்டு வெளியில தெரியறதுதான் பிரச்னை. சுத்தி தகரம் அடிங்க. நல்ல பூட்டா ஒண்ணு போடுங்க. ராத்திரி ஃபோகஸ் லைட் எரியட்டும்" என்றேன். கூடவே, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னேன். "அந்தப் பையனைக் கேட்டீங்களா?"

பையனைப் பற்றி உங்களுக்குச் சொல்லவில்லையே! தெருக்கோடியில் அபார்ட்மென்ட் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே தங்கி வேலை செய்த ஒரு சித்தாளின் மகன், பத்து வயது இருக்கும். தினம் சாயங்காலம் வந்து கூண்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவான். "தாத்தா, மூணாவது பானையில முட்டை இருக்கு" என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னது அவன்தான். போகும்போது பறவைகளை எண்ணி, கரித்துண்டால் காம்பவுண்டுச் சுவரில் எழுதிவிட்டுப் போவான்.

அன்று சாயங்காலமும் வந்தான். நண்பர் அடிக்கவில்லை, திட்டவில்லை. "கூண்டைப் பத்தி யார்கிட்டயாவது சொன்னியாடா?" என்று மட்டும் கேட்டார். பையன் அவர் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். அதோடு சரி. திரும்ப வரவே இல்லை.

ஒரு வாரத்தில் கூண்டு கோட்டை ஆகிவிட்டது. மூன்று பக்கம் தகரம், ஏழு லீவர் பூட்டு, சிசிடிவி கேமரா, ராத்திரி முழுக்கப் பளீரென்று வெளிச்சம். மிச்சம் இருந்த பறவைகள் தூங்க முடியாமல் அல்லாடின. அதுவும் காக்டெயிலுக்கு இரவில் திடுக்கிட்டு இறக்கையை அடித்துக்கொள்கிற சுபாவம் உண்டு. ஒரு பூனை நிழல் தகரத்தில் அசைந்தால் போதும், எல்லாம் சேர்ந்து கம்பியில் போய் மோதும். காலையில் தரையில் ரத்தத் துளியும் இறகும் கிடக்கும். "பழகிடும் சார்" என்று சொல்லி வந்தேன்.

மே மாதம் வந்தது. ஒருநாள் நண்பர் மனைவிக்குக் கண் பரிசோதனை. இருவரும் பத்து மணிக்கே கிளம்பிவிட்டார்கள். சாவி அவர் இடுப்பில். பன்னிரண்டரை மணிக்கு, துணி உலர்த்த மாடிக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மா மேலிருந்து கூண்டைப் பார்த்திருக்கிறார். பறவைகள் வாயைப் பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. குடத்தில் தண்ணீரோடு ஓடி வந்தார். தெளிக்க வழி இல்லை. மூன்று பக்கமும் தகரம், கதவில் பூட்டு. மாடிக்குத் திரும்ப ஓடி, அங்கிருந்து வாளி வாளியாகத் தண்ணீரை வீசியிருக்கிறார். பாதி தகரத்தில் பட்டு வழிந்து போயிற்று. போன் செய்தார். நண்பர் ஆட்டோ பிடித்து வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

ஆறு பறவைகள். அதில் சிரிஞ்சில் ஊட்டிப் பிழைக்க வைத்த இரண்டும் சேர்த்தி.

திருடனுக்காகப் போட்ட பூட்டு, தண்ணீர் கொண்டு வந்தவரைத்தான் தடுத்தது. பூட்டுக்கு ஆள் அடையாளம் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டாமா? நானும் நண்பரும் என்ன செய்தோம்? திருடனின் கண்ணுக்கு மறைக்கிறேன் என்று எல்லோர் கண்ணுக்கும் மறைத்தோம். நல்லவர்கள் யாரும் பார்க்க முடியாத இடத்தில் ஓர் உயிரை வைத்துவிட்டு, அதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் சூட்டினோம். அந்தப் பூட்டு பறவையை விட என் நண்பரின் உடைமையைத்தான் காத்தது. இரண்டும் ஒன்று என்று நினைத்ததுதான் தப்பு.

நாங்கள் சின்ன அளவில் பட்டதை ஓர் அரசாங்கமே பெரிய அளவில் பட்டிருக்கிறது. இந்தோனேசியாவில் பாலித் தீவில் மட்டும் இயற்கையாக வாழ்கிற ஒரு மைனா உண்டு. தும்பைப்பூ வெள்ளை. கண்ணைச் சுற்றி நீலம். இறக்கை நுனியிலும் வால் நுனியிலும் மட்டும் கறுப்பு. அவர்கள் ஜாலாக் பாலி என்கிறார்கள். பக்கத்துத் தீவான ஜாவாவில், ஓர் ஆணுக்கு வாழ்க்கை நிறைய ஐந்து வேண்டும் என்று பழைய வழக்கு: வீடு, மனைவி, குதிரை, குறுவாள், பறவை. (மனைவியை வீட்டுக்கும் குதிரைக்கும் நடுவில் வைத்தவரை அவர் மனைவி என்ன செய்தாரோ!) இப்படிப்பட்ட ஊரில் அழகான, அரிதான பறவைக்கு விலை எங்கே போகும்? அரிதாக ஆக விலை ஏறும். விலை ஏற ஏற இன்னும் பிடிப்பார்கள். இன்னும் அரிதாகும். நான் படித்த தேவை - அளிப்பு பாடம் ஓர் உயிரினத்தின் கழுத்தை இறுக்கியது.

மேற்கு பாலி தேசியப் பூங்காவில் கூண்டில் இனப்பெருக்கம் செய்து காட்டில் விடும் நிலையம் ஒன்று இருந்தது. 1999-ல் ஆயுதங்களோடு ஒரு கும்பல் நுழைந்து, காட்டில் விடுவதற்காக வைத்திருந்த 39 மைனாக்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. 2001-ல் காட்டில் மிஞ்சியவை ஆறு என்று கணக்கிட்டார்கள். 2003-ல் அரசு வெளியிட்ட 200 ரூப்பியா நாணயத்தில் அந்த மைனாவின் உருவம் இருக்கிறது. காசில் இருந்தது, காட்டில் கிட்டத்தட்ட இல்லை!

பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். பூங்காவைச் சுற்றியுள்ள கிராமத்து மக்களையே உரிமம் கொடுத்து வளர்க்கச் சொன்னார்கள். பிறக்கும் குஞ்சுகளில் ஒரு பங்கைக் காட்டுக்குத் திருப்பித் தர வேண்டும், மீதியை முறைப்படி விற்கலாம் என்று ஏற்பாடு. முன்பு கண்ணி வைத்தவர்களில் சிலரே வளர்ப்பவர்கள் ஆனார்கள். வளர்த்த பறவை பெருகியது, விலை இறங்கியது, திருடுவதில் இருந்த லாபம் குறைந்தது. இன்று அந்தப் பூங்காவில் மறுபடி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

இன்னோர் இடம் நூசா பெனிடா. பாலிக்குத் தென்கிழக்கே ஒரு சின்னத் தீவு. அங்கே 2006 முதல் இந்த மைனாக்களைத் திறந்துவிட்டார்கள். விடுவதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். தீவின் கிராமங்கள், பறவையைத் தொடக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டன. அவர்கள் மொழியில் அதற்கு 'அவிக் அவிக்' என்று பெயர். மீறினால் அபராதம் மட்டும் இல்லை, ஊர் முன்னால் தலைகுனிவு. கூண்டே இல்லாத இடத்தில் ஓர் ஊரே கூண்டுக்குக் காவல் மாதிரி நின்றது.

நமக்கு இது புதுசா என்ன? வேடந்தாங்கல் மக்கள், ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடவிடக் கூடாது என்று அன்றைய செங்கல்பட்டு கலெக்டரிடம் கவுல் வாங்கியது 1798-ல். வனவிலங்குச் சட்டம் வருவதற்கு 174 வருஷம் முன்பு! பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற சுயநலமும் அதில் இருந்தது. இருந்தால் என்ன? பலனில் பங்கு இருப்பவனுக்குத்தான் இழப்பிலும் பங்கு இருக்கும். இழப்பில் பங்கு இருப்பவன்தான் ராத்திரி சத்தம் கேட்டால் எழுந்து வருவான்.

தப்பாக நினைக்காதீர்கள். பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கெட்டியான வலை வேண்டும், இரட்டைக் கதவு வேண்டும், காலில் வளையம் வேண்டும், பதிவேடு வேண்டும். மக்காவ், சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டுப் பறவைகள் வைத்திருந்தால், 2024-ல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு செய்யவும் வேண்டும். திருடனுக்கு வேலையைக் கஷ்டமாக்குவது நம் கடமை. ஆனால் அதற்காகப் பறவையின் காற்றையும் தூக்கத்தையும் நாம் எடுத்துக்கொண்டால், திருடனுக்கு முன்னால் நாமே திருடிவிட்டோம் என்று அர்த்தம்.

மே மாதத்துக்கு அப்புறம் ஒருநாள் நண்பர் சொன்னார். "பேங்குல பெட்டகத்துக்கு ரெண்டு சாவி தம்பி. ஒண்ணு மேனேஜர்கிட்ட, ஒண்ணு என்கிட்ட. ஒருத்தரை ஒருத்தர் நம்பாததுனாலதான் அப்படின்னு ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். அது மட்டும் இல்ல. இது எவன் ஒருத்தனோட பணமும் இல்லங்கறதுக்காகத்தான் ரெண்டு சாவி."

தகரத்தைப் பிரித்துவிட்டார். மேலே மட்டும் பச்சை நிழல்வலை. வலை இரட்டை வலை ஆயிற்று. ஃபோகஸ் லைட்டுக்குப் பதில், யாராவது கம்பியை ஆட்டினால் ஒலிக்கிற மணி. பூட்டு இருக்கிறது. சாவி இரண்டு. இரண்டாவது, பக்கத்து வீட்டு அம்மாவிடம். தெருப் பிள்ளைகள் சாயங்காலம் வருகிறார்கள். ஆளுக்கு ஒரு பானைக்குப் பொறுப்பு. நோட்டுப் போட்டு எழுதுகிறார்கள்.

"இனிமே திருடு போகாதா சார்?" என்று கேட்டேன்.

"போகாதுன்னு யார் சொன்னா? ஆனா போனா, இந்தத் தெருவுல இருவது பேருக்கு வலிக்கும். முன்ன எனக்கு மட்டும்தானே வலிச்சுது."

உங்கள் வீட்டில் பறவை இல்லாமல் இருக்கலாம். வயதான அம்மா இருக்கலாம், தனியாக விட்டுப் போகிற குழந்தை இருக்கலாம். வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். அவசரத்துக்குத் தண்ணீர் கொண்டு வருகிற ஒருவரிடம் இரண்டாவது சாவி இருக்கிறதா?

திருடன் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. பையனைத் தேடி நண்பர் அபார்ட்மென்டுக்குப் போனார். கட்டட வேலை முடிந்து, அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டதாம். எந்த ஊர் என்று மேஸ்திரிக்கும் தெரியவில்லை. "அவனைக் கேட்டீங்களா?" என்று நான் கேட்காமல் இருந்திருந்தால் அவரும் கேட்டிருக்க மாட்டார். அதுவும் வரவு இல்லாத பற்றுதான்.

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். நான் போயிருந்தேன். காம்பவுண்டுச் சுவரில் ஒரு சாண் அளவு இடத்தை மட்டும் அடிக்காமல் விடச் சொல்லியிருந்தார். அழுக்குச் சுவரில் கரித்துண்டால் கோணல்மாணலாக எழுதியிருந்தது: 62.